பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பாதீர்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது பழைய மாணவியர் சங்கம் ஊர் ஊராக நடத்திய தாய்மார் கூட்டங்களுள் வீரமுனையில் நடைபெற்ற கூட்டத்தில், வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியர், தாதி, குடும்பநல மருத்துவமாது என்று ஐந்தாறு பேர் இந்தப் பக்கத்து வைத்தியசாலைகளில் வேலை செய்கிறோம். பேசுவதற்கு எழுந்து நிற்பது ஒருவர். என்ன பேசுவது என்று கூடியிருந்து முடிவுசெய்தது எல்லோரும். ஆகவே பிழை இருந்தால் அந்த ஐந்தாறு பேரையும் சேர்த்தே ஏசுங்கள்.

"பிள்ளை ரந்தம்பே காம்புக்குப் போகப் போறாள் டொக்டர், என்ன மருந்து குடுத்து விடுறது?" என்று கிளினிக்கில் ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்வியால்தான் இன்றைய கூட்டம் வந்தது. காய்ச்சலுக்குப் பனடோல், வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவளுக்குச் சின்ன வயசில முட்டு இருந்தது. படிவத்தில எழுதயில்ல. எழுதினா எடுக்க மாட்டாங்க எண்டு சொல்றாங்க" என்றார். அந்தத் தாயைக் குறைசொல்ல எங்களுக்கு அருகதை இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் அந்த முகாம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பிலோ கண்டியிலோ ஒரு தாய்க்கு முகாம் என்றால் கூடாரம், விசில், அணிவகுப்பு. எங்களுக்கு அந்தச் சொல்லில் இரண்டு கருத்து இருந்தன. ஒன்று ஆமிக் காம்ப். மற்றது அகதி முகாம். 1990இல் எங்களுக்குப் பத்து வயது. ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 12ஆந் திகதி இதே வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இடையில் இருந்தது ஒன்பது நாள்தான். அதற்கு முந்திய கிழமைகளில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எந்த வீட்டில் யார் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வீடுகளில் வளர்ந்த ஒரு பெண் தன் மகளின் பையில் உடுப்பை மடித்து வைத்து ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பும்போது அவள் கை நடுங்குவது இயல்பு என்பதற்காகச் சொல்கிறோம். அதற்கு மருந்து கிடையாது. மறைக்கவும் தேவையில்லை.

2011இல் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. சின்னம்மாவின் மகள் அப்போது பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். உயர்கல்வி அமைச்சு அந்த ஆண்டு புதுமுக மாணவர்கள் எல்லோரும் மூன்று கிழமை தலைமைத்துவப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று அறிவித்திருந்தது. நாடெங்கும் 28 நிலையங்கள், பெரும்பாலும் படையினரின் முகாம்கள். மே 23இல் முதற் தொகுதி ஏறக்குறைய 10,000 பேருடன் தொடங்கியது. அந்த வருடம் தெரிவானவர்கள் மொத்தம் 22,000 பேரளவில். அந்தத் திட்டம் எங்களுக்கு உவப்பாக இருக்கவில்லை, இன்றும் இல்லை. கம்பஸ் வாசலில் கால் வைப்பதற்கு முன் ஒரு பிள்ளைக்கு நூலகத்தைக் காட்டுவதா, மைதானத்தில் ஓட விடுவதா என்று அப்போதே வாதாடினோம். ஆனால் வாதாடுவது வேறு, வீட்டில் பெட்டி கட்டுவது வேறு.

அம்மம்மா திண்ணையில் இருந்து ஒரே கேள்வியைக் கேட்டார். "ஆமிக் காம்புக்கா புள்ளய அனுப்பப் போறீங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. போகாவிட்டால் கம்பஸ் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். ஊரில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ அந்தப் பீடத்துக்குத் தெரிவான பிள்ளை அவள்.

அவளுக்கு ஆஸ்மா. சின்ன வயதிலிருந்தே பம்ப் பாவிப்பவள். வீட்டில் எல்லோரும் கூடியிருந்து, அதை எங்கும் சொல்லாமல் விடுவது என்று முடிவுசெய்தோம். சொன்னால் ஒருவேளை அனுமதியில் சிக்கல் வரும். சிக்கல் வராவிட்டாலும் பத்துப் பேருக்குத் தெரியவரும், நாளைக்குக் கலியாணம் பேசும்போது அது வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு வைத்தியரும் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் அந்தத் தாயைக் குறைசொல்ல அருகதை இல்லை என்றோம்.

நீல பம்ப்பை ஒரு காலுறைக்குள் சுற்றி, பையின் அடியில் வைத்து அனுப்பினோம். "ஒருத்தருக்கும் காட்டாத, எல்லாத்தையும் பொறுத்துக்கொள்" என்று சொன்னோம். நாலாம் நாள் விடியப்புற ஓட்டத்தில் மூச்சு முட்டியது. பிள்ளை பொறுத்துக்கொண்டாள். பம்ப் கட்டிலுக்குக் கீழே பையில். கேட்க மொழி வரவில்லை, மொழி வந்திருந்தாலும் கேட்கக்கூடாது என்று நாங்கள் படிப்பித்து அனுப்பியிருந்தோம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு சிங்களப் பிள்ளை, அவள் இரவில் அந்தக் காலுறையை எடுத்து எதையோ வாயில் வைத்ததை முன்பே கண்டிருக்கிறாள். ஓட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிப்போய், பையைக் கவிழ்த்துக் கொட்டி, பம்ப்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இதெல்லாம் மூன்று கிழமை முடிந்து வந்து அவள் சொல்லித்தான் தெரியும். அங்கிருந்த தாதி அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றாம்: முதல் நாளே ஏன் சொல்லவில்லை?

அந்த ஆண்டிலேயே ரந்தம்பேயில் பயிற்சியிலிருந்த ஒரு மாணவி நோயுற்று இறந்துபோனதைப் பத்திரிகையில் படித்தோம். எங்கள் பிள்ளை வீடு வந்து சேர்ந்தாள். இன்று ஒரு பாடசாலையில் ஆசிரியை. இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு காலுறை.

அந்தத் திட்டம் சில வருடங்களில் அந்த வடிவில் நின்றுவிட்டது. ஆனால் மாணவர் படையணி இருக்கிறது. 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிய அந்த இயக்கம் இன்று பெண்பிள்ளைகளின் பாடசாலைகளிலும் நடக்கிறது. எமது பாடசாலையில் எங்கள் காலத்தில் அது இல்லை. பாண்ட் வாத்தியக் குழுவில் சேருவதற்கே வீட்டில் ஒரு வருடம் அழவேண்டியிருந்தது. இப்போது பிள்ளைகள் தாங்களாகக் கேட்டுச் சேர்கிறார்கள். அம்பாறை, மகாஓயா, மகியங்கனை என்று பஸ்ஸில் மகாவலிக் கரைவரை போய்வருகிறார்கள். வேறு சிலர் பொலிஸுக்கு விண்ணப்பிக்கிறார்கள், ஓரிருவர் இராணுவத்துக்கும். விரும்பிப் போகிற பிள்ளையைத் துரோகி என்றும், போகமாட்டேன் என்கிற பிள்ளையைக் கோழை என்றும் சொல்வதை நாம் நிறுத்தவேண்டும். கடெற் கட்டாயம் இல்லை. பிள்ளைக்கு மனமில்லை என்றால் அதிபரிடம் போய்ச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

போகிற பிள்ளைக்கு என்ன செய்வது? படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்மா, வலிப்பு, முன்பு எப்போதாவது வந்த மூட்டுவாதக் காய்ச்சல், அதற்காக 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, எந்த மருந்துக்கு அலர்ஜி, எல்லாவற்றையும். கிளினிக் புத்தகத்தின் பிரதியையும் கொடுங்கள். ஆஸ்மா உள்ள பிள்ளை ஓடலாம், விளையாடலாம். உலகக் கிண்ணம் வென்ற விளையாட்டுக்காரரிலும் ஆஸ்மாக்காரர் இருக்கிறார்கள். நிபந்தனை இரண்டுதான்: தினமும் பாவிக்கவேண்டிய மண்ணிறப் பம்ப்பை நின்றுபோகாமல் பாவிப்பது, நீலப் பம்ப்பைச் சட்டைப் பையில் வைத்திருப்பது. பையின் அடியில் இருக்கும் மருந்து மருந்தல்ல. சிலருக்கு ஓடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன் நீலப் பம்ப்பைப் பாவிக்கவேண்டி வரும். அது உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

ஒரு கேள்வியை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். குடும்பத்தில் யாராவது இளம் வயதில், நாற்பது ஐம்பதுக்கு முன்னால், திடீரென்று விழுந்து இறந்திருக்கிறார்களா? பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாளா? இரண்டில் ஒன்றுக்கு ஓம் என்றால், இருதயத்தைப் பார்க்காமல் அனுப்பவேண்டாம். வெயிலில் வரிசையில் நின்று விழுவது அநேகமாக வேறு விடயம். அசையாமல் நிற்கும்போது இரத்தம் காலில் தேங்குகிறது, தலைக்குப் போதாமல் போகிறது. சப்பாத்துக்குள் கால்விரலை மடக்கி விரித்து, கெண்டைக்காலை இறுக்கி விட்டுக்கொண்டு நின்றால் போதும். எந்தச் சார்ஜன்ட்டுக்கும் அது தெரியாது.

இரத்தத்தைச் சோதியுங்கள். எங்கள் பெண்பிள்ளைகள் காலையில் ஒரு பிளேன்ரீயோடு பாடசாலைக்கு வருகிறார்கள். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது குருதிச்சோகை. அந்த உடம்போடு ஓடுவது பாதித் தண்ணீரில் கமம் செய்வது போல. இரும்புச்சத்துக் குளிசைக்குப் பலன் தெரிய மாதக்கணக்கு எடுக்கும், ஆகவே போவதற்கு முதல் கிழமை வந்து கேட்காதீர்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சேருவது குறையும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். யாரும் கேட்கப் போவதில்லை என்பது தெரியும்.

கோயில் திருவிழாவுக்கும் ஹஜ்ஜுக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசை கேட்டு வருவதுபோல, இப்போது காம்புக்கும் கேட்டு வருகிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. பாட் போதியளவு கொடுத்துவிடுங்கள், மாற்றுவதற்கு யாரிடம் கேட்டுப் போகலாம் என்பதை முன்பே அறிந்து சொல்லுங்கள். அதுபோலவே சாப்பாடு ஹலாலா, தொழுகைக்கு இடமும் நேரமும் உண்டா, மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு என்ன ஒழுங்கு, முழுக்கை உடுப்புப் போடலாமா என்பதையும் இங்கேயே, அதிபரூடாகக் கேட்டு முடியுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை அங்கே தனியே நின்று கேட்க வைக்காதீர்கள்.

ஓட்டத்தை இங்கேயே பழக்குங்கள், ஆறு எட்டுக் கிழமைக்கு முன்னரே. முதலில் அரை மணி நேர நடை. பிறகு நடையும் ஓட்டமும் மாறி மாறி. உடம்பு வெயிலில் உழைக்கப் பழகுவதற்குப் பத்துப் பதினாலு நாள் வேண்டும். கடற்கரையில் ஓடலாம், வயல் வரம்பில் நடக்கலாம். பெண்பிள்ளை ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்றால், நாலு தாய்மார் கூடவே நடவுங்கள். உங்கள் சீனி வருத்தத்துக்கும் நல்லது. புதுச் சப்பாத்தை அங்கே போய் முதன்முதலாகப் போடவேண்டாம், இரண்டு கிழமை வீட்டில் போட்டு நடக்கட்டும். காலுறை நனைந்தால் மாற்றவேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரல் வைக்கும் ஒரே இடத்தில் நோவு, ஓடும்போது கூடுகிறது என்றால், அது தசைப்பிடிப்பல்ல. திடீரென்று கூட ஓடத் தொடங்கியவர்களின் எலும்பில் நுண்ணிய வெடிப்பு வரும். பயிற்சி முகாம்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அது கூட வருகிறது. சித்தாலேப பூசிக்கொண்டு ஓடினால் வெடிப்பு முறிவாகும்.

வெயிலைப் பற்றிப் பிள்ளைகளிடமே சொல்கிறோம், கேளுங்கள். உங்கள் தோழி தடுமாறி நடக்கிறாள், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாள், உடம்பு கொதிக்கிறது என்றால், வியர்வை இருந்தாலும் அது வெப்பத் தாக்குத்தான். நிழலுக்கு இழுத்து, உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு வாகனம் தேடுவது. நேரம் இங்கே நிமிடக் கணக்கு. சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் தசை கரைந்து சிறுநீரகத்துக்கு வருகிறது என்று அர்த்தம். வெட்கப்படாமல் அன்றைக்கே சொல்லவேண்டும். தண்ணீர் குடியுங்கள், ஆனால் போட்டிக்காக நாலைந்து லீட்டரை ஒரேயடியாகக் குடிக்காதீர்கள், இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பே வரலாம். ஜீவனி ஒரு பக்கெற்றை ஒரு லீட்டர் தண்ணீரில் கரைக்கவேண்டும். அரைக் கிளாஸில் கரைத்துக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம், அது பிழை.

இவ்வளவையும் சொன்னாலும், பிள்ளை வாய் திறக்காவிட்டால் ஒன்றும் உதவாது. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நாம் முதலில் படிப்பிக்கிற பாடம் பொறுமை. வயிற்றுவலியா, பொறு. பசியா, தம்பி சாப்பிடட்டும், பொறு. இருபத்துநாலு மணி நேரம் பிள்ளைப்பேற்று வலியில் கிடந்தும் சத்தம் போடாதவளைத்தான் நல்ல பெண் என்கிறோம். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளை மைதானத்தில் விழும்வரை சொல்லமாட்டாள். 2012ஆம் ஆண்டுக் கடைசியில் வடக்கில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டதும், பயிற்சி தொடங்கிச் சில கிழமைகளில் அவர்களுள் சிலர் கிளிநொச்சி வைத்தியசாலையில் இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பேய் பிடித்தது என்று ஒரு கதை, வேறு கதைகளும். எங்கள் வார்ட்டுகளிலும் அப்படி விறைத்தும் விழுந்தும் வருகிற இளம் பெண்களைக் காண்கிறோம். பயத்தைச் சொல்ல வாய்க்கு அனுமதி இல்லாதபோது உடம்பு அதைச் சொல்லிவிடுகிறது.

ஆகவே வீட்டில் ஒத்திகை பாருங்கள். "எனக்கு ஏலாது, நிற்கவேணும்" என்று சத்தமாகச் சொல்லட்டும். அங்கே கட்டளை சிங்களத்தில் வரும். மூன்று வசனம் பாடமாக்கட்டும். மட்ட அசனீபய் என்றால் எனக்குச் சுகமில்லை. மட்ட ஹுஸ்ம கன்ன அமாருய் என்றால் மூச்செடுக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஒளுவ கெரகெனவா என்றால் தலை சுற்றுகிறது. அம்மம்மாவும் சேர்ந்து பாடமாக்கினால் இன்னும் நல்லது, பிள்ளை சிரிப்பாள்.

பிள்ளை தொலைபேசியில் அழுவாள். முதல் மூன்று நாலு நாள் அநேகமாக எல்லாப் பிள்ளையும் அழும். நீங்கள் முந்தி அழாதீர்கள், "வந்திடு மகள்" என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள். சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா, எங்கயும் நோகுதா என்று கேளுங்கள். பிறகு "ஆராவது உன்னத் தொட்டாங்களா, வெருட்டினாங்களா" என்றும் நேராகவே கேளுங்கள். அதற்கு ஓம் என்றாலோ, பதிலுக்குப் பதில் அமைதி வந்தாலோ, அன்றைக்கே புறப்படுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கான இலக்கம் 1929. மனம் உடைந்து, செத்தால் நல்லம் என்று பிள்ளை சொன்னால் 1926. பிள்ளையின் கொப்பியின் பின்னட்டையில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

1990 பற்றி அவளிடம் சொல்வதா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. சொல்லவேண்டும் என்றே முடிவுசெய்தோம். பிள்ளை ஏற்கனவே பாதி கேட்டுவிட்டாள். கோயிலுக்குப் போகும்போது அம்மம்மாவின் முகம் மாறுவதை அவள் பார்த்திருக்கிறாள். "எங்களுக்கு இப்படி நடந்தது, அதனால் எனக்குப் பயம், அந்தப் பயம் என்னுடையது, நீ அதைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை" என்று போவதற்கு முன் ஒரு பின்னேரம் இருத்திச் சொல்லுங்கள். காத்தான்குடியில் உறவினர் உள்ள உம்மாமாரும் அவர்களின் பிள்ளைக்குச் சொல்லட்டும். இரண்டு பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில்தான் போகப்போகிறார்கள்.

வெளியே மாமரத்தின் கீழ் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் பிரஷர் பார்ப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள். மற்றதில் படிவம் இருக்கிறது, முன்பு நிரப்பியதைத் திருத்தி எழுதலாம், அதிபர் சம்மதித்திருக்கிறார். பம்ப் கொண்டுவந்த பிள்ளைகள் ஊதிக்காட்டாமல் போகவேண்டாம், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பிழையாகத்தான் ஊதுகிறீர்கள். தேநீர் வந்துவிட்டது என்கிறார்கள். இரும்புச்சத்துக் குளிசை வாங்கியவர்கள் அதோடு சேர்த்துப் போடாமல் இருந்தால் சரி.